வில்பத்துவுக்கு ஒரு முழு நாள்: வன்னியிலிருந்து குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

இலங்கையின் மிகப் பெரிய தேசிய பூங்கா வவுனியாவிலிருந்து 2 மணித்தியால ஓட்டத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துக் குடும்பங்கள் மிருகம் பார்க்க வாகனம் பிடித்தால் யால வரைக்கும் ஓடுகின்றன. அதற்குக் காரணம் உண்டு. 1938இல் தேசிய பூங்காவான வில்பத்து, போரால் 1988இல் பூட்டப்பட்டு, 2003இல் திறந்து, மறுபடி பூட்டி, 2010இல் மீண்டும் திறந்தது. வன்னியில் ஒரு தலைமுறை அந்தக் காட்டைப் பெயரளவில் மட்டும் அறிந்து வளர்ந்தது. அந்தத் தலைமுறை இப்போது பிள்ளைகளோடு பயணம் போகும் வயதில் இருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பிள்ளைகள் 6, 7 வயது தாண்டியிருந்தால் வில்பத்துவில் முழுநாள் ஜீப் பயணம் கொடுக்கும் காசுக்குத் தகும். அரைநாள் தகாது. நுழைவாயிலிலிருந்து முதல் பெரிய வெளிகளை அடையும் வரை பாதை அடர்ந்த காட்டுக்குள்ளால்தான் போகிறது. பாலை, வீரை, முதிரை மரங்கள் இருபக்கமும் நெருங்கி நிற்கும். 10 அடிக்கு அப்பால் யானை நின்றாலும் தெரியாது. அரைநாள்காரர் போகவும் திரும்பவும் இந்தப் பாதையிலேயே நேரத்தைக் கரைத்துவிட்டு, "ஒன்றும் இல்லை, வெறும் காடு" என்று சொல்லிக்கொண்டு வீடு வருகிறார்கள். அவர்களுக்குக் கிடைத்தது நேரக்குறைவு. காட்டில் குறை இல்லை.

வில்பத்துவின் அழகு அதன் வில்லுகளில் இருக்கிறது. வன்னியில் பிறந்தவர்களுக்குக் குளம் என்றால் கட்டு, தண்ணீர் திறக்கும் துருசு, மிச்சநீர் வழியும் வான் மூன்றும் கண்ணுக்குள் வரும். வில்லுக்கு இவை ஒன்றும் கிடையாது. நிலம் தானாகப் பதிந்த பள்ளத்தில் மாரி மழை தேங்கி நிற்பதுதான் வில்லு. ஆறு வந்து நிரப்புவதில்லை. மாரி முடிந்தால் பிறகு வற்றுவது மட்டும்தான். சில வில்லுகளின் தண்ணீர் உவராகக்கூட இருக்கும். வற்ற வற்ற வெளிப்படும் கரையில் புல் முளைக்கிறது. புல்லுக்குப் புள்ளிமான் வருகிறது. மானைப் பார்த்துச் சிறுத்தை வருகிறது. இந்த ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு ஜீப்பில் ஏறுமுன் சொல்லிக் கொடுங்கள். அதன்பிறகு வில்லுக்கரையில் அரை மணித்தியாலம் காத்திருக்க அவர்களே தயாராக இருப்பார்கள்.

எப்போது போவது என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். பாலைப்பழக் காலத்தில் கரடிக்குப் பயந்து காட்டுக்குள் போகக்கூடாது என்பது வன்னியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதே காரணத்துக்காகத்தான் மே முதல் ஜூலை வரை வில்பத்துவுக்குப் போக வேண்டும். பழம் உதிரும் மரத்தடியிலும் கொப்பிலும் கரடியைப் பட்டப்பகலில் காண வாய்ப்புள்ள மாதங்கள் அவை. ஓகஸ்ட், செப்டம்பரில் காட்டுக்குள் இருக்கும் சிறு மோட்டைகள் காய்ந்துவிடும். மிச்சத் தண்ணீரைத் தேடி மிருகங்கள் வில்லுகளுக்கு வந்தே ஆக வேண்டும். அப்போது வெயிலும் புழுதியும் கடுமை. பெப்ரவரி, மார்ச்சில் வில்லுகள் நிறைந்து, காடு பச்சையாக, பார்க்க மிக வடிவாக இருக்கும். மிருகம் பரந்து நிற்பதால் எண்ணிக்கை குறையும். நவம்பர், டிசம்பரில் போகாமல் விடுவது நல்லது. மணல் பாதைகள் தண்ணீருக்குள் போகும், உள்ளே பல பகுதிகள் அடைக்கப்படும், நுழைவுக் கட்டணம் மட்டும் அதேதான்.

பெப்ரவரி, மார்ச்சுக்கு இன்னொரு சாதகம் உண்டு. மன்னாரின் வங்காலைப் பறவைகள் அப்போதும் திரும்பிப் போயிருக்காது. இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்கக்கூடிய காலம் அது மட்டுமே. வங்காலையைப் பற்றிக் கீழே சொல்லப்படுகிறது.

பாதை. பிரதான நுழைவாயில் ஹுனுவிலகமவில் இருக்கிறது. வவுனியாவிலிருந்து ஏ9 வழியாக மதவாச்சி, அங்கிருந்து அநுராதபுரம், பிறகு புத்தளம் வீதியில் நொச்சியாகம தாண்டி வில்பத்துச் சந்தி. சந்தியில் வலப்பக்கம் திரும்பிச் சுமார் 8 கிலோமீற்றர். மொத்தம் 100 கிலோமீற்றர் அளவு. கிளிநொச்சியிலிருந்து இன்னும் 75 கூட்டிக்கொள்ளுங்கள். பூங்கா காலை 6 மணிக்குத் திறக்கும். வவுனியாக்காரர் விடியப்புறம் மூன்றரைக்கும் கிளிநொச்சிக்காரர் அதற்கு முன்பும் புறப்பட்டால் போதும் என்று கணக்குப் போடலாம். ஆனால் இருட்டில் ஏ9இல் படுத்திருக்கும் மாடுகளை அந்தக் கணக்கு சேர்ப்பதில்லை. வவுனியாவுக்கு வடக்கே கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தைப் பகுதிகளில் தார் வீதியின் சூட்டுக்கு மாடுகள் நடு வீதியிலேயே படுக்கும். கறுப்பு மாடு விளக்கு வெளிச்சத்துக்குக் கடைசி நொடியில்தான் தெரியும். பிள்ளைகளோடு போகிறவர்கள் முதல் நாள் பின்னேரமே போய் ஹுனுவிலகமவிலோ நொச்சியாகமவிலோ அநுராதபுரத்திலோ தங்குவதே சரி. ஒரு இரவுத் தங்குமிடச் செலவு கூடும். ஆனால் காலை 6 மணிக்கு வாயிலில் நிற்கும் ஜீப்புக்கும் ஏழரைக்கு வந்து சேரும் ஜீப்புக்கும் உள்ள வித்தியாசம் அந்தச் செலவை விடப் பெரியது.

மன்னாருக்குத் தெற்கே சிலாபத்துறை, முள்ளிக்குளம் பக்கமாக, பூங்காவின் தெற்கு ஓரத்திலுள்ள எலுவன்குளத்துக்கு ஒரு குறுக்குப் பாதையைக் கைபேசி வரைபடம் காட்டும். அதை நம்பி குடும்ப வாகனத்தைத் திருப்ப வேண்டாம். அந்தப் பாதை பூங்காவுக்குள்ளால் போகிறது, நீண்டகாலச் சர்ச்சைக்குரியது. மழைக்காலத்தில் கலா ஓயா பாயும் இடமும் அதில் இருக்கிறது. மன்னாரிலிருந்து வருகிறவர்களும் மதவாச்சி சுற்றித்தான் வர வேண்டும்.

இனி ஜீப். வானையோ காரையோ உள்ளே விடமாட்டார்கள். நான்கு சில்லும் இழுக்கும், அடி உயர்ந்த வாகனம் வேண்டும். பெரும்பாலானோர் நுழைவாயிலடியிலோ தங்குமிடத்தினூடாகவோ ஜீப் பிடிக்கிறார்கள். இவை பிக்கப் வாகனங்களின் பின்பெட்டியில் உயர்த்தி இருக்கை பூட்டியவை. வழமையாக 3 வரிசை, 6 பேர். ஏழாவது ஆளை ஏற்றலாம் என்று சாரதி சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். முழு நாளும் நெருக்கிக்கொண்டு இருப்பவருக்கு மத்தியானத்துக்குப் பிறகு எந்த மிருகமும் ருசிக்காது.

இருக்கைத் தெரிவு சின்ன விஷயம் மாதிரித் தெரியும். கடைசி வரிசை பின் அச்சுக்கு மேலே அல்லது அதற்கும் பின்னால் வருவதால் ஒவ்வொரு குழிக்கும் ஆளைத் தூக்கிப் போடும். சின்னப் பிள்ளைகளையும் அம்மம்மா, அப்பப்பாவையும் முன் அல்லது நடு வரிசையில் இருத்துங்கள். இளந்தாரிகள் பின்னுக்குப் போகட்டும். நாரி நோவுள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பயணத்தைத் தவிர்க்க வேண்டும். மணல் பாதை மெத்தையாகத் தோன்றினாலும் வேர்களும் பள்ளங்களும் நிறைய. ஏறுமுன் பார்க்க வேண்டியவை: ரயரின் பூ தேய்ந்திருக்கிறதா, உபரிச் சில்லு இருக்கிறதா, கைபிடிக் கம்பி ஆடுகிறதா, கூரைச் சீலை கிழிந்திருக்கிறதா. உள்ளே கைபேசித் தொடர்பு பல இடங்களில் கிடையாது. சில்லு காற்றுப் போனால் அடுத்த ஜீப் வரும் வரை காத்திருப்புத்தான்.

விலை பேசும்போது 3 கேள்விகளைக் கேளுங்கள். சொன்ன தொகை ஜீப்புக்கு மட்டுமா, நுழைவுக் கட்டணமும் சேர்த்தா? முழுநாள் என்றால் 6 மணி தொடக்கம் மாலை 6 மணி வரையா, அல்லது மத்தியானம் வெளியே வந்து திரும்பப் போவதா? சாப்பாடு யாருடையது? நுழைவுக் கட்டணம் தனியானது. ஆளுக்கு ஒரு தொகை, வாகனத்துக்கு ஒரு தொகை, குழுவுக்குச் சேவைக் கட்டணம், அதன் மேல் வரி என்று அடுக்கிக்கொண்டு வரும். கடைசித் தொகை பலகையில் பார்த்ததை விடக் கூடுதலாகத்தான் இருக்கும். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சொந்தக்காரர் வந்திருந்தால் இதை முதலே கணக்கில் எடுங்கள். உள்ளூர்க் கட்டணத்துக்கும் வெளிநாட்டவர் கட்டணத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முகத்தையும் பேச்சையும் பார்த்து உள்ளூர்க் கட்டணம் போடமாட்டார்கள், தேசிய அடையாள அட்டை கேட்பார்கள். அட்டையை வீட்டில் விட்டுவிட்டு வாயிலில் வாதாடுவதில் பயனில்லை. பின்னால் நிற்கும் ஜீப்புகள் உள்ளே போய்விடும்.

இந்தப் பயணத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது சாரதி. சிறுத்தையைக் காட்டினால் மேலதிகமாகத் தருகிறோம் என்று பலர் ஆசை காட்டுகிறார்கள். பயணத்தைக் கெடுக்கும் பேச்சு இதுதான். அந்த வார்த்தை வந்த கணம் தொடக்கம் சாரதி எங்கும் நிற்கமாட்டார். வேறு ஜீப் எங்கேயாவது சிறுத்தையைக் கண்டதாகச் செய்தி வந்தால் மணிக்கு 25 கிலோமீற்றர் என்ற பூங்கா வேகத்தை மறந்து ஓடுவார். வழியில் நிற்கும் மரையும் முதலையும் கழுகும் புழுதிக்குள் போய்விடும். போய்ச் சேரும்போது அங்கே 10 ஜீப் நிற்கும், சிறுத்தை எழும்பிக் காட்டுக்குள் போயிருக்கும். வார இறுதியிலும் போயா விடுமுறையிலும் இது அடிக்கடி நடக்கும். செவ்வாய், புதனில் குறைவு. மாறாக, காலையிலேயே தெளிவாகச் சொல்லுங்கள்: ஓட வேண்டாம், வில்லுக்கரையில் எஞ்சினை நிறுத்தி அரை மணித்தியாலம் இருப்போம். பெரும்பாலான சாரதிகளுக்குத் தமிழ் தெரியாது. "ஹெமின் யன்ன" என்றால் மெதுவாகப் போங்கள். "டிக்கக் இன்ன" என்றால் கொஞ்சம் நில்லுங்கள். திவியா சிறுத்தை, வலஹா கரடி, அலியா யானை. இந்த 5 சொல் போதும். அன்பளிப்பு கொடுப்பதென்றால் திரும்பி வந்தபின், பொறுமையாக நின்று காட்டியதற்காகக் கொடுங்கள்.

நின்று பார்ப்பது எப்படி என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. எஞ்சின் நின்றதும் கண்ணை விடக் காது முக்கியம். மரத்து மேலே மந்தி திடீரெனக் கரகரத்த குரலில் திரும்பத் திரும்பக் கத்தினால், புள்ளிமான் கூர்மையாக ஒற்றை ஒலியில் கூப்பிட்டால், இரண்டும் ஒரே திசையை உற்றுப் பார்த்தால், அந்தத் திசையில் சிறுத்தை நடமாடுகிறது என்று கொள்ளலாம். மயிலின் கூவலை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. அது சும்மாவும் கூவும். காலை 6 முதல் 9 வரையும் பின்னேரம் நாலரைக்குப் பிறகும் நடமாட்டம் அதிகம். நடுப்பகலில் சிறுத்தை மரக்கொப்பிலோ நிழலிலோ படுத்திருக்கும். ஆகவே கிடையாகப் போகும் பெரிய கொப்புகளைப் பாருங்கள். கீழே தொங்கும் வால்தான் முதலில் கண்ணில் படும். தொலைநோக்கி ஒன்று அவசியம். 8×42 அளவு குடும்பத்துக்குப் பொருத்தம்; அதை விடப் பெரிதானால் ஆடும் ஜீப்பில் பிள்ளைகளால் நிலையாகப் பிடிக்க முடியாது.

மருதமரங்கள் சூழ்ந்த கும்புக் வில, நெலும் வில, மறதன்மடுவ, தலாவில, யானை பிடிக்கும் பணிக்கர்களின் பெயரைத் தாங்கிய பணிக்கர் வில்லு ஆகியவற்றைச் சுற்றி வருவதே ஒரு நாளுக்குப் போதிய வேலை. மேற்கே கடற்கரையில் குதிரைமலை இருக்கிறது. செம்பு நிற மண்மேடு கடலுக்குள் நீட்டி நிற்கும் அந்த இடம் வடிவில் ஈடில்லாதது. ஆனால் போய்வர நாளின் பெரும் பகுதி போய்விடும். மிருகம் முக்கியமென்றால் குதிரைமலையை விடுங்கள். இரண்டாம் தரம் வருகிறவர்களுக்கு அது சரி.

இறங்க அனுமதித்த ஓய்விடங்களில் மட்டும் இறங்கலாம். மறதன்மடுவ அவற்றில் ஒன்று. சாப்பாட்டில் வழமையாக நடக்கும் பிழை, தேங்காய்ப்பூச் சம்பலும் சொதியும் இடியப்பமும் கட்டிக்கொண்டு போவது. அந்த வெக்கைக்கு மத்தியானத்துக்குள் புளித்துவிடும். ரொட்டியும் வதக்கிய கட்டைச் சம்பலும், அல்லது புளிச்சோறும் பொரித்த மிளகாயும் மாலை வரை தாங்கும். வாழையிலையில் கட்டுங்கள். பொலித்தீன் பைகளை வாயிலில் எடுத்துவிடுவார்கள், எடுக்காவிட்டாலும் கொண்டு போகக்கூடாது. மானின் வயிற்றுக்குள் போவது அதுதான். குரங்குக்கு ஒரு துண்டும் போடாதீர்கள். ஒரு குடும்பம் போட்டால் அடுத்த குடும்பத்தின் பையை அது பறிக்கும். தண்ணீர் ஆளுக்கு 2 லீற்றருக்குக் குறையாமல் வேண்டும். மலசலகூடம் வாயிலிலும் ஓய்விடத்திலும்தான் என்பதைப் பிள்ளைகளுக்கு முதலே சொல்லி வையுங்கள்.

உடுப்பு மங்கிய பச்சை, மண் நிறம் நல்லது. இராணுவ உருமறைப்புத் துணி போல இருக்கும் உடுப்பு வேண்டவே வேண்டாம். இலங்கையில் அது சட்டச் சிக்கல், வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளின் பைகளை ஒருமுறை பாருங்கள். செம்மண் புழுதிக்கு மூக்கைக் கட்ட ஒரு துணி தேவை. ட்ரோன் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது.

வில்பத்துவில் யானைக் கூட்டத்தை எதிர்பார்க்காதீர்கள். ஒற்றையாகவோ இரண்டு மூன்றாகவோ காணலாம். யானைதான் பிள்ளைகளின் ஆசையென்றால் இடம் மின்னேரியா. வவுனியாவிலிருந்து மிகிந்தலை, மரதன்கடவல வழியாக ஹபரணை வரை 100 கிலோமீற்றர் அளவு. மகாசேனன் கட்டிய அந்தக் குளம் ஓகஸ்ட், செப்டம்பரில் வற்ற, அலைகரையில் முளைக்கும் இளம் புல்லுக்கு நூற்றுக்கணக்கான யானைகள் திரளும். பின்னேரம் 3 மணித்தியாலப் பயணம் போதும். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு வில்பத்துவை விட இதுவே பொருத்தம். ஒரு எச்சரிக்கை: மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்தபின் அங்கிருந்து திறந்துவிடும் தண்ணீரால் மின்னேரியாக் குளம் வறட்சியிலும் நிறைந்திருக்கும் ஆண்டுகள் உண்டு. அப்போது புல் முளைக்க இடமில்லை, யானைகள் கவுடுல்லைக்கோ ஹுருலு காட்டுக்கோ போய்விடும். ஆகவே நுழைவுச்சீட்டை முதலே வாங்கி மின்னேரியாவில் பிடிவாதமாக நிற்க வேண்டாம். ஹபரணைக்கு வந்து, இன்று யானை எங்கே நிற்கிறது என்று ஜீப்காரரிடம் கேட்டு மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

வங்காலைக்கு ஜீப்பே தேவையில்லை, அதுதான் அதன் சிறப்பு. வவுனியாவிலிருந்து மன்னாருக்கு 80 கிலோமீற்றர் அளவு. வழியில் முருங்கன் தாண்டிக் கட்டுக்கரைக் குளம். கட்டில் ஏறி நின்றால் தாமரை இலை மேல் நடக்கும் நீண்ட வால் இலைக்கோழியைக் காணலாம். மன்னார்ப் பாலத்தை நெருங்கும்போது இருபக்கமும் விரியும் உவர்வெளிதான் வங்காலைச் சரணாலயம், 2010 தொடக்கம் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலம். நவம்பர் முதல் மார்ச் வரை பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் வந்து நிற்கும். காலையில் சூரியனை முதுகில் வைத்து மேற்கே பாருங்கள், பின்னேரம் கிழக்கே. எதிர் வெயிலில் பார்த்தால் பூநாரையின் நிறம் கறுத்துத் தெரியும். பாலத்துக்குப் போகும் ஒடுங்கிய தாம்போதியில் வாகனத்தை நிறுத்தாதீர்கள். காய்ந்த உப்புத்தரை போலத் தெரியும் வெளியில் இறக்கவும் வேண்டாம். மேலே பொருக்கு, கீழே கறுப்புச் சேறு, வான் அச்சு வரை புதையும். ஓகஸ்ட் நடுப்பகுதியில் மடுத் திருவிழா நெரிசல் இந்த வீதியில்தான், அந்த வாரத்தில் தங்குமிடமும் கிடைக்காது.

கிளிநொச்சிக்காரருக்கு இன்னும் கிட்ட, சுண்டிக்குளம். 1938இல் பறவைச் சரணாலயம், 2015இல் தேசிய பூங்கா. கடலுக்கும் களப்புக்கும் இடையே நீளும் அந்த வெளி மாரியில் மிக வடிவு. ஆனால் ஜீப்பும் வழிகாட்டியும் கடையும் எதிர்பார்த்துப் போகக்கூடாது. தண்ணீரும் சாப்பாடும் பரந்தன் தாண்டுமுன் வாங்குங்கள். வாகனத் தடம் விட்டுப் பற்றைக்குள் பிள்ளைகளை இறக்காதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையை எங்கே கண்டாலும், அது பழையது என்று நீங்களே முடிவெடுக்க வேண்டாம்.

திரும்பி வரும்போது: வில்பத்துவிலிருந்து மாலை 6 மணிக்கு வெளியே வந்தால் நொச்சியாகம, அநுராதபுரப் பகுதி வீதிகளில் பொழுதுபட்டபின் யானை குறுக்கறுக்கும். கண்டால் விளக்கைத் தாழ்த்தி, ஹோர்ன் அடிக்காமல், பின்னால் எடுக்க இடம் விட்டு நில்லுங்கள். காதை விரித்து அசையாமல் நிற்பதும், கன்னத்தில் மதநீர் வழிந்திருப்பதும் கிட்டப் போகக்கூடாது என்பதற்கான அடையாளங்கள். வவுனியாக்காரர் அன்றிரவே வீடு சேரலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவுக்காரர் வவுனியாவில் படுத்து விடிந்தபின் புறப்படுங்கள். 12 மணித்தியாலம் ஜீப்பில் குலுங்கிய சாரதிக்கு ஓமந்தை மாடு தெரியாது.